அறப்பணிக்கான வீதி மகிழுந்துப் பந்தயம்

அறப்பணிக்கான வீதி மகிழுந்துப் பந்தயம் என்பது நகரின் பொதுச் சாலைகளைச் சில மணி நேரமோ சில நாட்களோ போக்குவரத்துக்கு மூடி, அவற்றின் மீது மகிழுந்துகளை ஓட்டி, அதன் வழியாகத் திரளும் பணத்தை மருத்துவமனை, பள்ளி, மாற்றுத் திறனாளிகள் இல்லம் போன்றவற்றுக்கு அளிக்கும் நிகழ்வாகும். இவ்வகைப் பந்தயங்களுள் நன்கு அறியப்பட்டது, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்சுபர்க் நகரில் 1983 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிட்சுபர்க் வின்டேச் கிராண்ட் பிரீ ஆகும். தமிழகத்தில் முழு வேக வீதிப் பந்தயத்தை அறநிதிக்காக நடத்தும் வழக்கம் வேரூன்றவில்லை. அதற்கு மாறாக, வேகத்தை அல்லாது நேரத்தை அளவுகோலாகக் கொண்ட மகிழுந்துப் பேரணிகளே இங்கு நற்பணிக்காக நடத்தப்பட்டு வந்துள்ளன. 2024 ஆம் ஆண்டில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடைபெற்ற பார்முலா 4 பந்தயம் அறநிதிக்கான பந்தயம் அல்ல. எனினும் பொதுச் சாலையில் பந்தயம் நடத்தினால் செலவு யாருடையது, பயன் யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டு சென்றது என்ற வகையில் அதுவும் இங்கு கருதத்தக்கது.

வீதிப் பந்தயம் என்னும் சொல்

பேச்சு வழக்கில் வீதிப் பந்தயம் என்றால் இரவு நேரத்தில் இளைஞர்கள் கடற்கரைச் சாலையிலும் புறவழிச் சாலையிலும் அனுமதியின்றி ஓட்டும் சட்டவிரோதப் பந்தயத்தையே பலரும் எண்ணுவர். இக்கட்டுரை அதைப் பற்றியது அன்று. இங்கு வீதிப் பந்தயம் என்பது அரசின் ஒப்புதலுடன், சாலையின் இரு புறமும் தடுப்புகள் அமைத்து, மருத்துவக் குழுவும் தீயணைப்புக் குழுவும் நிற்க, வேறு வண்டி எதுவும் நுழையாத சாலையில் நடைபெறும் பந்தயத்தைக் குறிக்கும். அப்பாதை வீதிச் சுற்றுப்பாதை எனப்படும். பந்தயம் முடிந்ததும் தடுப்புகள் அகற்றப்பட்டு, அதே சாலையில் மறுநாள் பேருந்தும் மிதிவண்டியும் செல்லும்.

தோற்றம்

மகிழுந்துப் பந்தயம் தோன்றிய காலத்தில் தனி ஓடுபாதைகள் இல்லை. எனவே முதல் பந்தயங்கள் யாவும் ஊருக்கு ஊர் பொதுச் சாலையிலேயே நடைபெற்றன. 1903 ஆம் ஆண்டு பாரிசிலிருந்து மத்ரித் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் உயிரிழந்தமையால், பந்தயம் பிரான்சின் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. இறந்தவர்களுள் ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோவும் ஒருவர். இதன் பின்னரே, மூடக்கூடிய ஒரு வட்டப் பாதையில் பல சுற்றுகள் ஓட்டும் முறை வலுப்பெற்றது. 1929 இல் மொனாக்கோவிலும் 1954 இல் மக்காவுவிலும் தொடங்கிய நகர வீதிப் பந்தயங்கள் இன்றும் புகழ்பெற்றவை. சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் பந்தயம் நடைபெற்றது. அந்நகரில் 2008 இல் மெரீனா விரிகுடா வீதிகளில் பார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் நடத்தப்பட்டது. இலங்கையில் நுவரெலியாவை அடுத்த மகாகசுதொட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே வளைந்து ஏறும் சாலையே அதன் ஓடுபாதை.

இத்தாலியில் பிரெசியா நகரிலிருந்து உரோமைக்குச் சென்று மீளும் மில்லே மில்லியா பந்தயம் 1927 முதல் நடைபெற்றது. ஆயிரம் மைல் நீளமுள்ள இப்பந்தயத்தில் 1957 ஆம் ஆண்டு மகிழுந்து ஒன்று சக்கரம் வெடித்து மக்கள் கூட்டத்தில் பாய்ந்தது. இரு ஓட்டுநர்களும் பார்வையாளர் ஒன்பது பேரும் இறந்தனர். அந்த ஒன்பது பேரில் ஐவர் சிறுவர்கள். அத்துடன் அப்பந்தயம் முடிவுக்கு வந்தது. ஆனால் 1977 இல் அதே பெயரில், பழைய மகிழுந்துகளுக்கு மட்டுமான, குறித்த நேரத்தில் குறித்த இடத்தைக் கடக்கும் பேரணியாக அது மீண்டும் பிறந்தது. மூடப்படாத பொதுச் சாலையில் மகிழுந்து நிகழ்வு நடத்த விரும்புவோர் வேகத்தை விட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டது இவ்வாறுதான். நற்பணிக்கான பேரணிகள் பலவும் இந்த இரண்டாம் வழியையே பின்பற்றுகின்றன.

பிட்சுபர்க் வின்டேச் கிராண்ட் பிரீ

பிட்சுபர்க் எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள சென்லி பூங்கா, 1889 இல் மேரி சென்லி என்பவர் நகரத்துக்கு நன்கொடையாக அளித்த நிலத்தில் அமைந்தது. அப்பூங்காவினுள் மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் நகரச் சாலைகளே 1983 முதல் பந்தயப் பாதையாகப் பயன்பட்டன. ஒரு சுற்றின் நீளம் 2.33 மைல், அதாவது ஏறத்தாழ 3.75 கிமீ. இருபதுக்கும் மேற்பட்ட திருப்பங்கள் உண்டு. சாலையோரம் கல் சுவர்கள், பாலங்கள், விளக்குக் கம்பங்கள், மரங்கள் ஆகியவை அப்படியே இருக்கும். அவற்றின் முன் வைக்கோல் கட்டுகள் அடுக்கப்படும். தனிப் பந்தயத் திடல்களில் தவறிய வண்டி ஓடி நிற்பதற்கு விடப்படும் வெற்றிடம் இங்கு இல்லை.

இங்கு ஓடுபவை புதிய பந்தய வண்டிகள் அல்ல. எம்ஜி, போர்சே, ஆல்ஃபா ரோமியோ போன்ற பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வண்டிகளே ஓடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட வண்டிகளும் அவற்றுள் அடங்கும். ஓட்டுவோர் பெரும்பாலும் அவ்வண்டிகளின் உரிமையாளர்களே. பரிசுப் பணத்துக்காக எவரும் ஓட்டுவதில்லை. பழைய மகிழுந்துப் பந்தய உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் 13/13 என்ற விதி குறிப்பிடத்தக்கது. தன் தவற்றால் மோதலை உண்டாக்கிய ஓட்டுநர் 13 மாதங்களுக்குப் பந்தயத்திலிருந்து விலக்கப்படுவார். திரும்பி வந்த பின்னர் மேலும் 13 மாதங்கள் கண்காணிப்பில் இருப்பார். மோதினால் ஓராண்டுக்கு மேல் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அச்சம், வைக்கோல் கட்டுகளைவிட நல்ல பாதுகாப்பு எனலாம்.

திரண்ட பணம் பிட்சுபர்க் மன இறுக்க நோயர் சங்கத்துக்கும், அறிவுசார் குறைபாடு உடையோரைப் பேணும் அலெகெனி பள்ளத்தாக்குப் பள்ளிக்கும் அளிக்கப்பட்டு வந்தது. தொடங்கிய நாளிலிருந்து இவ்வாறு அளிக்கப்பட்ட தொகை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கும் அதிகம். ஓடுபாதையில் கொடி காட்டுபவர் முதல் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுப்பவர் வரை பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பந்தயம் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது.

பணம் வரும் வழி

நுழைவுக் கட்டணம் இல்லாத பந்தயம் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். விளம்பரதாரர் நன்கொடை, பார்வையாளர் உண்டியலில் இடும் சிறு தொகை, வண்டி நிறுத்தக் கட்டணம், பங்கேற்போர் செலுத்தும் பதிவுக் கட்டணம், பந்தயத்தை ஒட்டி நடைபெறும் பழைய மகிழுந்துக் கண்காட்சி, உணவுக் கடைகளின் வாடகை ஆகியவை வருவாய் இனங்கள். பூங்காவின் குழிப்பந்தாட்டத் திடலில் பரப்பி நிறுத்தப்படும் கண்காட்சி வண்டிகளைக் காணவே பலர் வருவர். ஓடும் வண்டி கூட்டத்தை ஈர்க்கிறது. நின்ற வண்டி பணம் ஈட்டுகிறது.

செலவுப் பக்கம் இதைவிட முக்கியமானது. தடுப்புகள், காப்புறுதி, மருத்துவ ஊர்திகள், காவல், சாலைச் சீரமைப்பு, கழிப்பிடம், குப்பை அகற்றல் ஆகிய எவையும் நற்பணி என்பதால் குறைவதில்லை. மோதும் வண்டிக்கு அறநிதிப் பந்தயம், வணிகப் பந்தயம் என்ற வேறுபாடு தெரியாது. ஆகவே அறப்பணிக்கான பந்தயத்தை மதிப்பிடுகையில் திரண்ட மொத்தத் தொகையைக் காட்டிலும், செலவு போக நிறுவனத்தின் கையில் சேர்ந்த தொகையையே பார்க்க வேண்டும். ஊதியம் பெறும் ஆட்களைக் கொண்டு, புதிதாகச் சாலை போட்டு, வாடகைத் தடுப்புகள் நிறுத்தி நடத்தப்படும் பந்தயத்தில் மீதம் என ஒன்று நிற்பது அரிது. பிட்சுபர்க் பந்தயத்தில் மீதம் நிற்பதற்குக் காரணம் மூன்று: உழைப்பு இலவசம், வண்டி ஓட்டுநருடையது, சாலை முன்பே உள்ளது.

சாலை ஓடுபாதையாவது எப்படி

பந்தய வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்திலேயே இருப்பதால், சாதாரண ஓட்டுநர் உணராத மேடும் அதற்குப் பெருந்தடை. வேகத்தடைகள் பெயர்க்கப்படும். சாலை நடுவில் உள்ள தடுப்புச் சுவர் சில இடங்களில் அகற்றப்படும். தார்ப் பரப்பு மீண்டும் இடப்படும். இரும்புத் தடுப்புகளும் பல டன் எடையுள்ள கற்காரைக் கட்டைகளும் வரிசையாக நிறுத்தப்பட்டு, அவற்றின் மேல் உடைந்த பாகங்கள் பார்வையாளர் மீது பறக்காதிருக்கக் கம்பி வலை கட்டப்படும்.

சாக்கடை மூடிகள் தனி இடர். வேகமாகச் செல்லும் பந்தய வண்டியின் அடியில் காற்றழுத்தம் குறைவதால், அது மூடியை மேல் நோக்கி இழுக்கும். எனவே மூடிகள் பற்றவைத்தோ வேறு வகையிலோ இறுக்கப்படும். பெரும் பொருட்செலவில் நடத்தப்பட்ட 2023 லாசு வேகசு பார்முலா 1 நிகழ்விலேயே முதல் பயிற்சி ஓட்டத்தின் தொடக்கத்தில் சாலையிலிருந்த நீர்க்குழாய் மூடி ஒன்று பெயர்ந்து கார்லோசு சைன்சின் பெராரி வண்டியைச் சிதைத்தது. அப்பயிற்சி அத்துடன் கைவிடப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலானது மருத்துவ வழி. மூடப்பட்ட வளையத்தின் உள்ளே வீடுகளோ மருத்துவமனையோ இருந்தால், பந்தயத்தை நிறுத்தாமல் நோயாளியை வெளியே கொணர வழி இருத்தல் வேண்டும். பூங்கா, திடல், ஏரிக்கரை ஆகியவற்றைச் சுற்றியே பல வீதிப் பந்தயங்கள் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கு வளையத்தின் உள்ளே வாழும் மக்கள் குறைவு.

தமிழகம்

தமிழகத்தின் மகிழுந்துப் பந்தய வரலாறு வீதியில் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் கால விமானத் தளமான சென்னையை அடுத்த சோழவரத்தில், போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த ஓடுதளமே பந்தயப் பாதையாயிற்று. 1950களில் உருவான மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் இங்கு நடத்திய பந்தயங்கள் நாடெங்குமிருந்து ஓட்டுநர்களை ஈர்த்தன. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிமீ நீளமுள்ள தனிப் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் பகுதியில் எசு. கரிவரதன் மலிவான பந்தய வண்டிகளை உருவாக்கிப் பலரைப் பயிற்றுவித்தார். அவர் 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். அவர் பெயரால் அமைந்த கரி மோட்டார் வேகத்திடல் கோவையை அடுத்து உள்ளது. இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே.

இந்தியாவில் பெருநகர வீதியில் பன்னாட்டுத் தரப் பந்தயம் 2022–23 இல் ஐதராபாத்தில் தொடங்கியது. உசேன் சாகர் ஏரிக்கரையில் 2.83 கிமீ பாதையில் 2023 பிப்ரவரி 11 அன்று மின் மகிழுந்துகளுக்கான பார்முலா ஈ பந்தயம் நடைபெற்றது. ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2024 ஆம் ஆண்டுக்கான பந்தயம் கைவிடப்பட்டது.

சென்னையில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தனியார் பந்தய நிறுவனம் ஒன்றும் இணைந்து, தீவுத்திடலைச் சுற்றிக் கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக 3.5 கிமீ நீளமும் 19 திருப்பங்களும் கொண்ட பாதையைத் திட்டமிட்டன. 2023 டிசம்பர் 9, 10 ஆகிய நாட்களில் நடைபெறவிருந்த பந்தயம் மிக்சாம் புயல் வெள்ளத்தால் தள்ளிவைக்கப்பட்டது. வெள்ளத்தில் நகரம் தத்தளிக்கையில் பந்தயத்துக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி அப்போது வலுத்தது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனையும் இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அருகில் இருப்பதால் நோயாளிகள் துன்புறுவர் என்பதும் எதிர்ப்பாளர் கூறிய காரணங்களுள் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரி 19 அன்று நிபந்தனைகளுடன் பந்தயத்தை அனுமதித்தது. அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. பந்தயம் 2024 ஆகத்து 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடைபெற்றது. முதல் நாள் மழையால் பாதைப் பணி தாமதமாகி, பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்று பெற நீதிமன்றம் கூடுதல் நேரம் அளிக்க வேண்டியதாயிற்று. பணத்தைத் திருப்பித் தரும் கட்டளையை உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் நீக்கியது.

பிட்சுபர்க்கையும் சென்னையையும் ஒப்பிடுகையில் பணம் பாயும் திசை வேறுபடுவதைக் காணலாம். முன்னதில் பந்தயத்திலிருந்து பொதுப் பணிக்குப் பணம் செல்கிறது. பின்னதில் பொதுக் கருவூலத்திலிருந்து பந்தயத்துக்குப் பணம் சென்றது. சுற்றுலா, நகரின் பெயர், இளைய ஓட்டுநர்களுக்கான வாய்ப்பு என்பன பின்னதற்குக் கூறப்படும் நியாயங்கள். அவை பொய்யல்ல, ஆனால் உண்டியல் பணத்தைப் போல எண்ணிப் பார்க்க முடியாதவை.

பார்வையற்றோர் வழிகாட்டும் பேரணி

இந்திய நகரங்களில் நற்பணிக்காக நடைபெறும் மகிழுந்து நிகழ்வுகளுள் மிகச் சிறப்பானது இது. மும்பை, சென்னை, கோவை உள்ளிட்ட நகரங்களில் பார்வையற்றோர் நலச் சங்கங்களும் இளைஞர் சேவைக் கழகங்களும் இதை நடத்தியுள்ளன. ஓட்டுநர் பார்வையுள்ளவர். அருகில் அமர்ந்து வழி சொல்பவர் பார்வையற்றவர். வழிக்குறிப்பு பிரெயில் எழுத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை கிலோமீட்டரில் எத்திசை திரும்ப வேண்டும், எந்த அடையாளத்தைக் கடக்க வேண்டும், எந்தப் பகுதியில் மணிக்கு எத்தனை கிமீ வேகம் என்பனவற்றை அவர் விரலால் படித்துச் சொல்ல, ஓட்டுநர் அதன்படி செல்வார். வழியில் மறைவாக அமைந்த சோதனை நிலையங்களில் நேரம் குறிக்கப்படும். முன்னதாக வந்தாலும் பிந்தி வந்தாலும் தண்டப் புள்ளிகள் உண்டு. குறைந்த தண்டம் பெற்றவரே வென்றவர்.

இங்கு சாலை மூடப்படுவதில்லை. போக்குவரத்து விதிகள் யாவும் பொருந்தும். வேகம் நகர வேகமே. எனவே தடுப்புச் செலவு இல்லை; திரளும் பணத்தில் பெரும்பகுதி நற்பணிக்கே போகும். அதைவிடப் பெரிது வேறொன்று உண்டு. மற்ற அறநிதி நிகழ்வுகளில் உதவி பெறுவோர் மேடையோரம் அமர்ந்து காசோலை வாங்குவர். இதில் அவர் இல்லாமல் வண்டி அடுத்த திருப்பத்தைக் காணாது. தன் ஊர்ச் சாலையில் நாள்தோறும் வண்டி ஓட்டுபவர், அந்தச் சாலையில் எங்கு திரும்புவது என்பதைப் பார்வையற்ற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

செவ்வாய்ப்பேட்டையும் வண்டி வேடிக்கையும்

சேலம் மாநகரின் பழைய வணிகப் பகுதியான செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்றதாகக் கூறப்படுகிறது. லீ பசார் மொத்த அங்காடி, பருப்பு, வெல்ல மண்டிகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் ஆகியவற்றால் அறியப்படும் இப்பகுதியின் வீதிகள் சரக்குந்துகளால் நிறைந்தவை. பந்தயத்துக்கான அகலமோ, ஓடி நிற்கும் இடமோ அங்கு இல்லை.

எனினும் வண்டிகளுக்காக வீதியை மூடி ஊரே திரளும் வழக்கம் சேலத்துக்குப் புதிதன்று. ஆடித் திருவிழாவின்போது செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை ஆகிய இடங்களின் மாரியம்மன் கோயில்களில் வண்டி வேடிக்கை நடைபெறும். புராணக் காட்சிகளில் வரும் தெய்வங்களாக வேடம் பூண்டோர் மின்விளக்குகளால் அலங்கரித்த வண்டிகளில் நின்று வீதி வீதியாக வருவர். முன்பு மாட்டு வண்டிகளில் நடந்த இது பின்னர் சரக்குந்துகளுக்கு மாறியது. இதில் வேகத்துக்கு இடமில்லை; வண்டி எவ்வளவு மெல்லச் செல்கிறதோ அவ்வளவு நல்லது. செலவை வேடமிடும் குழுவினரும் பகுதி மக்களும் ஏற்பர். பிட்சுபர்க் பந்தயத்துக்கும் இதற்கும் பொதுவானது இந்த ஊதியமற்ற உழைப்பே.

இந்தியச் சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 189 ஆம் பிரிவின்படி மாநில அரசின் எழுத்து மூலமான ஒப்புதல் இன்றிப் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்த முடியாது. 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ உண்டு. அறப்பணிக்காக நடத்தப்படுவது என்பது இப்பிரிவில் விலக்கு அன்று. ஒப்பிடுகையில் இங்கிலாந்தில் நெடுங்காலம் பொதுச் சாலைப் பந்தயத்துக்கு நாடாளுமன்றத்தின் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1986 முதல் 1990 வரை பர்மிங்காம் நகர வீதிகளில் நடைபெற்ற சூப்பர்பிரீ பந்தயம், 1985 இல் அந்நகருக்கென இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் நடைபெற்றதாகும்.